உதைத்தால் கிளம்புமா? பழைய பிரிட்டிஷ் பைக் கேள்வி – பதில்

‘பழைய பிரிட்டிஷ் பைக் வைத்திருப்பவர்கள் சந்தேகங்களை எழுதலாம்’ என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி பஞ்சாயத்து. ‘நண்பன் இப்படிச் சொல்கிறான், மெக்கானிக் அப்படிச் சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது?’ என்கிற ரகம். புனைபெயரில் எழுதச் சொன்னதால் எல்லோரும் கூச்சமில்லாமல் கேட்டிருக்கிறார்கள். நானும் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறேன். லேத்தில் நின்றே காலம் கழித்தவன்; பேச்சில் கொஞ்சம் பிசிறு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ‘1968 மாடல் டிரையம்ப் போனவில், அத்தனையும் ஒரிஜினல்’ என்று ஒருவர் விற்க வருகிறார். எஞ்சின் நம்பர் ‘இ.டி.’ (ED) என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி, ‘டி120ஆர்’ (T120R) என்று முடிகிறது. நம்பி வாங்கலாமா?
– வாங்கத் துடிப்பவன்

அந்த எஞ்சின் 1968 இல்லை தம்பி. 1969 மாடலில் இருந்துதான் டிரையம்ப்காரர்கள் நம்பருக்கு முன்னால் இரண்டு எழுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து மாடல் வருஷம். ‘இ’ என்றால் மே. ‘சி’ (C) 1969, ‘டி’ (D) 1970. ஆக, இது 1970 மே மாதம் டிரையம்பின் மெரிடன் ஃபாக்டரியில் இருந்து வந்த எஞ்சின். 1968 எஞ்சினாக இருந்தால் மாடல் பெயர் முதலில் வந்து, அதன்பின் ‘டி.யு.’ (DU) என்று நம்பர் தொடங்கியிருக்கும்.

இப்போது ஃப்ரேம் நம்பரைப் பாருங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே, ஸ்டியரிங் தலைப்பகுதியின் இடது பக்கம் அடித்திருப்பார்கள். அந்தக் கால டிரையம்பில் எஞ்சின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஃப்ரேமில் ‘டி.யு.’ இருந்தால், விற்பவர் சொல்லும் 1968 ஃப்ரேமுக்குப் பொருந்தலாம். எஞ்சின் வேறு வண்டியிலிருந்து வந்து குடியேறியது.

இன்னொன்று. எஞ்சின் நம்பர் அடித்திருக்கும் மேடையைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். 1970 எஞ்சினில் அந்த மேடை முழுக்கக் குட்டிக் குட்டியாக டிரையம்ப் முத்திரை புடைத்திருக்கும், நம்பர் அதன்மேல் விழுந்திருக்கும். கட்டைவிரலால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். மழமழவென்று இருந்தால் யாரோ அரம் போட்டு ராவிவிட்டுப் புது நம்பர் அடித்திருக்கிறார்கள். அப்படியானால் டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

எஞ்சினும் ஃப்ரேமும் வேறு வேறாக இருந்தாலும் ஓட்டுவதற்கு நல்ல வண்டியாக இருக்கலாம். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

என் பி.எஸ்.ஏ. 1950களின் வண்டி. அதிலும் இரண்டு நம்பரும் வேறு வேறு. ஏமாந்துவிட்டேனா?
– பீஸா பித்தன்

இல்லை. பி.எஸ்.ஏ. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே நம்பர் அடிக்கவில்லை. எந்த எஞ்சின் நம்பர் எந்த ஃப்ரேமோடு போனது என்பதை ஃபாக்டரிப் பதிவேட்டில்தான் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் 1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகம் இப்படிப்பட்ட பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. எழுதிக் கேட்டால் தேடிச் சொல்வார்கள். நண்பர்களிடம் கேட்டுக் குழம்புவதைவிட அது நல்லது.

ஏ.ஜே.எஸ். மாடல் 18 ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 13 எம்.எம். ஸ்பேனர் ஏற மாட்டேன் என்கிறது, 14 போட்டால் நழுவுகிறது. ‘எல்லா ஓட்டையிலும் மரை வெட்டும் டேப் விட்டு மெட்ரிக்குக்கு மாற்றிவிடு, காலத்துக்கும் தொல்லை இல்லை’ என்கிறார் கூட இருக்கும் நண்பர். செய்யட்டுமா?
– நட்டு கழன்றவன்

நண்பரின் கையில் இருந்து டேப் செட்டை முதலில் வாங்கி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கையில் இருப்பது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. கால் அங்குல விட்வொர்த் நட்டின் தலை, தட்டைக்குத் தட்டை 0.525 அங்குலம், நம் கணக்கில் 13.3 மில்லிமீட்டர். அதனால்தான் 13 ஏறவில்லை, 14 மூலையைத் தின்கிறது. விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருப்பது வாயின் அகலம் அல்ல, அது எந்த போல்ட்டுக்கானதோ அந்த போல்ட்டின் தண்டு விட்டம். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘கால் இஞ்ச் ஸ்பேனர் ஏன் இவ்வளவு பெரிசாக இருக்கிறது’ என்று கேட்காத புது ஆளே கிடையாது. ரிங் ஸ்பேனர் ஒரு செட், பாக்ஸ் ஒரு செட் விட்வொர்த்தில் வாங்கிவிடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பட்டறைக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

அடுத்தது மரை. இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். இந்த வண்டிகளில் மூன்று ஜாதி மரை கலந்து கிடக்கும். அலுமினியத்துக்குள் இறங்கும் ஸ்டட்களில் பெரும்பாலும் பெருமரையான விட்வொர்த். கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 20 சுற்று. அதன் நுண்மரைத் தம்பி பி.எஸ்.எஃப். மூன்றாவது சைக்கிள் மரை; கால் அங்குலமானாலும் 5/16 ஆனாலும் 3/8 ஆனாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. வம்பு என்னவென்றால், கால் அங்குல பி.எஸ்.எஃப்-க்கும் அதே 26 சுற்றுதான்! ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. விரலால் திருகினால் ஒன்றில் மற்றது சமர்த்தாக ஏறும். ‘அட, சரியாகப் பொருந்துகிறதே’ என்று டைட் செய்வீர்கள். பிடிப்பு மரையின் முழு முகத்திலும் இருக்காது, ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். கொஞ்ச தூரம் அதிர்ந்ததும் கழன்றுவிடும், இல்லையென்றால் உரித்துக்கொண்டு வரும். 1960களின் பிற்பகுதியில் பி.எஸ்.ஏ.வும் டிரையம்பும் கொஞ்சம் கொஞ்சமாக யூனிஃபைட் மரைக்கு மாறியபோது இந்தக் கலவையில் நாலாவதாக ஒன்றும் சேர்ந்தது. மரை கேஜ் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள்.

மெட்ரிக் யோசனை ஏன் உதவாது என்றால், கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். எம்6 அந்த ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடும். எம்8 போட வேண்டுமானால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் ஓரத்தில் அந்த அளவுக்குச் சதை இருக்காது. மரை போன இடத்தில் அதே அளவுக்கு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடுங்கள். பழைய போல்ட் அப்படியே இறங்கும், பழைய மரையைவிடக் கெட்டியாகவும் நிற்கும்.

எந்த ஆயில் ஊற்றுவது என்று நாலு பேரைக் கேட்டேன். மோனோகிரேடு 50 என்றார் ஒருவர், 40 என்றார் ஒருவர், 20-டபிள்யூ-50 என்றார் மூன்றாமவர். நாலாமவர் ‘எதையாவது ஊற்று, எப்படியும் கீழேதான் ஒழுகப் போகிறது’ என்கிறார். வண்டி டிரையம்ப் 650.
– நாலு திசை

நாலாமவரை நண்பராக வைத்துக்கொள்ளுங்கள், ஆலோசகராக வேண்டாம்.

மற்ற மூவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “உங்கள் எஞ்சினில் ஸ்லட்ஜ் டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்களா?” இந்த எஞ்சின்களில் இன்றைய வண்டி மாதிரி பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும்தான். கிராங்குக்கு உள்ளேயே ஒரு குழாய் வைத்து, கிராங்க் சுழலும் வேகத்தில் அழுக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கி அந்தக் குழாயில் படியட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குழாய்தான் ஸ்லட்ஜ் டிராப். எஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் அதைத் திறக்க வேண்டும் என்பது கணக்கு. யாரும் திறக்கவில்லை என்பது நடைமுறை. பல வருஷ அழுக்கு அதற்குள் தார் மாதிரி இறுகிக் கிடக்கும். முழுக்க அடைத்தால், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டுக்கு ஆயில் போகாது. சோப்புக் குணமுள்ள இன்றைய ஆயிலை ஊற்றினால் அந்தக் கட்டியைக் கிளறிவிடவும் கூடும்.

ஆகவே எஞ்சின் திறந்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தால் டிராப்பைத் திறந்துவிடுங்கள். அதன் திருகு மூடியைக் கழலாமல் இருக்க ‘பஞ்ச்’ (punch) உளியால் குத்தி வைத்திருப்பார்கள். அந்தக் குத்தை முதலில் டிரில்லால் மெல்ல எடுங்கள். சூடு காட்டுங்கள். மூடியின் பள்ளம் முழுக்க நிறைகிற அகலத்தில் ஒரு பட்டையைச் சாணை பிடித்துத் திருப்புங்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் பள்ளம் சிதைந்து, அதன்பிறகு கெஞ்சினாலும் வராது. உங்கள் டிரையம்பில் ஃப்ளைவீல் போல்ட்களில் ஒன்று அந்தக் குழாயின் ஓட்டைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த போல்ட்டைக் கழற்றாமல் குழாயை இழுத்துப் பார்த்துப் பலர் மல்லுக்கட்டுகிறார்கள். கழற்றிச் சுத்தம் செய்தபின் நல்ல 20-டபிள்யூ-50 ஊற்றுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். முடிந்தது.

பேட்டரியில் பிளஸ் முனையை ஃப்ரேமில் மாட்டியிருக்கிறார்கள். யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள்தானே?
– பிளஸ் மைனஸ்

இல்லை, கை வைக்காதீர்கள். லூகாஸ் மின்சாரம் போட்ட அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் எர்த். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது மட்டும் பாசிட்டிவ் எர்த்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள்.

அண்ணே, பி.எஸ்.ஏ. ஏ10. காலையில் இரண்டு உதையில் கிளம்புகிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் முக்கி முனகி நின்றுவிடுகிறது. ஆறினால்தான் மறுபடி கிளம்பும். ஒருவர் கார்புரேட்டர் என்கிறார், ஒருவர் வால்வு என்கிறார். இன்னொருவர் மேக்னெட்டோவைத் தூக்கி எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடு என்கிறார்.
– நடுவழி நாயகன்

என்னிடமும் ஏ10 தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் ஆசையாகவே எழுதுகிறேன்.

முதலில் காசில்லாத சோதனை. வண்டி நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியோடு வேலை முடிந்தது. அது இல்லையென்றால், சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலையில் வைத்து உதைத்துப் பாருங்கள். கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பிளக்கை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையில் நீலமாகப் பளிச்சென்று வந்த ஸ்பார்க் இப்போது மஞ்சளாக மினுங்கினால், அல்லது வரவே இல்லையென்றால், கார்புரேட்டர் ஆளையும் வால்வு ஆளையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இனி மேக்னெட்டோ, அதாவது பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க் தயாரிக்கும் கருவி. ஏ10-ல் இருப்பது லூகாஸ் கே2எஃப். பாயிண்ட் இடைவெளி 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு), அதாவது 0.3 மில்லிமீட்டர் இருக்கிறதா பாருங்கள். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் கண்டன்சர் மேல். பிளக் கம்பிகள் வந்து சேரும் பிக்-அப் இரண்டையும் கழற்றி, மெல்லிய குச்சியில் பெட்ரோல் தொட்ட துணியைச் சுற்றி உள்ளே நுழைத்து, அங்கே சுழலும் ஸ்லிப் ரிங் மேல் அழுத்திக்கொண்டே கிக்கரை மெல்லக் கையால் அழுத்துங்கள். துணியில் கருப்பாகக் கார்பன் பொடி வரும். துணி வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். சில வண்டிகளுக்கு இதுவே போதும்.

போதவில்லையென்றால் கோளாறு மேக்னெட்டோவின் உள்ளே சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சருக்குள். கே2எஃப்-ல் கண்டன்சர் வெளியே இல்லை, ஆர்மேச்சரின் உள்ளேயே புதைந்திருக்கிறது. பழைய கண்டன்சர் குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி. சுற்றுக்கம்பியின் மேல் பூசிய அரக்கும் வயதாகிவிட்டால் சூட்டில் இளகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் ஆர்மேச்சரை வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை. எடுப்பதற்கு முன் பிக்-அப்கள், எர்த் பிரஷ், உடலில் இருக்கும் சேஃப்டி ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ஒன்றை மறந்து இழுத்தால் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு ‘டக்’கென்று உடையும்.

எலெக்ட்ரானிக் ஆசாமியின் யோசனை மோசமில்லை. ஆனால் அது பேட்டரியை நம்பி ஓடும். உங்கள் டைனமோ அதற்குச் சோறு போடும் நிலையில் இருக்க வேண்டும். நல்ல மேக்னெட்டோ இருந்தால் பேட்டரியே இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். என் ஓட்டு மேக்னெட்டோவுக்கு. இது தீர்ப்பு இல்லை, ருசி.

1958 ஏ10-ஐ கஃபே ரேசராக, அதாவது ரேஸ் வண்டி மாதிரி குனிந்து ஓட்டும் வண்டியாக மாற்ற ஆசை. ‘ஷாக் மவுண்டுக்குப் பின்னால் ஃப்ரேமை அறுத்துவிட்டு, கூம்பு வைத்த குட்டை சீட் போடு’ என்கிறார்கள் கூட்டாளிகள். அப்பா ‘அப்படியே ஒரிஜினலாக விடு’ என்கிறார். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.
– அறுக்கத் தயார்

அப்பாவிடம் முதலில் பேசுங்கள். அவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லலாம்.

இந்த வண்டிகளை மாற்றிக் கட்டுவது இன்று நேற்று வந்த நாகரிகம் இல்லை. லண்டன் நார்த் சர்க்குலர் ரோட்டில் இருக்கும் ஏஸ் கஃபேயில் 1950, 60களில் கூடிய பையன்கள் புது வண்டியையே பிரித்துப்போட்டு மாற்றினார்கள். 1950-ல் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் நார்ட்டனுக்குச் செய்து கொடுத்த ஃபெதர்பெட் ஃப்ரேம் வளைவில் அசையாது. டிரையம்ப் ட்வின் எஞ்சினோ அதைவிடச் சுறுசுறுப்பு. இரண்டையும் சேர்த்து ‘டிரைட்டன்’ என்றார்கள். பி.எஸ்.ஏ.வே 1962-ல் ஏ10 எஞ்சினைக் கோல்ட் ஸ்டார் ஃப்ரேமில் உட்கார வைத்து ‘ராக்கெட் கோல்ட் ஸ்டார்’ என்று விற்றது. ஆக மாற்றுவது பாவம் இல்லை. திரும்ப வர முடியாதபடி மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தக் கால ஏ10 ஃப்ரேம் இனி ஃபாக்டரியிலிருந்து வரப் போவதில்லை. அறுத்த குழாயை மறுபடி ஒட்டினால் ஒட்டு தெரியும், ஃப்ரேம் நேராகவும் நிற்காது.

அறுக்காமலே அந்த உருவம் வரும். இப்போதைய சீட் பிடித்திருக்கும் அதே இடங்களில் உட்காருகிற மாதிரி அலுமினியத் தகட்டில் ஒரு அடித்தளம் அடித்து, கூம்பை அதன் மேல் எழுப்புங்கள். பின் குழாயின் வால் கூம்புக்குள் மறைந்துவிடும். பின் மட்கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, குட்டையான வேறொன்று போடுங்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் சீட்டுக் கட்டி, எது எங்கே இருந்தது என்று எழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டால் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரி.

ஃபோர்க் குழாயில் தாழ்வாகக் கவ்வும் கிளிப்-ஆன் ஹேண்டில் மாட்டியதும் முழுக்க இடது, முழுக்க வலது திருப்பிப் பாருங்கள். பெருவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் நசுங்கக் கூடாது. கேபிள்கள் இனி நீளமாகித் தொங்கும், குட்டையாகச் செய்துகொள்ளுங்கள். பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட் போட்டால் கிக்கர் அதன்மேல் இடிக்கும், மடிகிற ஃபுட்ரெஸ்ட்டாகப் பாருங்கள். கியர் லீவரை அப்படியே பின்னோக்கித் திருப்பி மாட்டினால் கியர் வரிசை தலைகீழாகிவிடும்; லிங்க் கம்பி போட்டால் பழையபடி இருக்கும். ஃபைபர் கிளாஸ் டேங்க் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பிசினைக் கரைத்து, பாகு மாதிரி கார்புரேட்டருக்குள் இறக்கிவிடும். அலுமினியமோ இரும்போ போடுங்கள்.

டேங்கில் ‘ராக்கெட் கோல்ட் ஸ்டார்’ என்று எழுத ஆசை வரும். எழுதிக்கொள்ளுங்கள். விற்கும்போது அதையே வாயாலும் சொல்லாதீர்கள்.

எஞ்சின் ஒழுகுவது பிரிட்டிஷ் பைக்கின் பிறவிக் குணமா? ஜாயின்ட் எல்லாவற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் அப்பியும் நிற்கவில்லை.
– சொட்டுச் சொட்டாய்

பிறவிக் குணம் பாதி, பேஸ்ட் அப்புகிறவர்கள் மீதி. இந்த ட்வின் எஞ்சின்களில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்றை அழுத்தும். அந்தக் காற்றுக்குப் பிரீதர் வழி திறந்திருக்க வேண்டும். அடைத்திருந்தால் எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் பிரீதரைப் பாருங்கள்.

அப்பிய சிலிக்கான் வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயில் வலையில் போய் ஒட்டும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து மூடியின் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமானால் தட்டையாகிவிட்டது. பிறகு சாதாரண கேஸ்கெட் போதும்.

பிரேக் டிரம்மைத் திறந்தால் ஒரே பொடி. ஏர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?
– பொடியன்

கூடாது. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தப் பொடி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நல்ல முகமூடி போடுங்கள். புது லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஃப்ரேமுக்குப் பெயின்டா, பவுடர் கோட்டிங்கா?
– கருப்பு மினுமினுப்பு

எனக்குப் பெயின்ட். பவுடர் கோட்டிங் தடிமன் அதிகம். பேரிங் உட்காரும் இடம், போல்ட் ஓட்டை, எர்த் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போட வேண்டும். மறைக்காமல் போட்டுவிட்டு ‘லைட் எரியவில்லை’ என்று வயரிங்கைக் குறை சொல்லும் கடிதம் இந்த முறையும் இரண்டு மூன்று வந்திருக்கிறது. பழைய பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் இரண்டும் வேண்டாம், எண்ணெய்த் துணியால் துடைத்தபடியே ஓட்டுங்கள். டூ-பேக் பெயின்ட் அடிப்பதானால் வீட்டு வராந்தாவில் அடிக்காதீர்கள்; அதிலிருக்கும் ஐசோசயனேட்டுக்குத் துணி முகமூடி எந்த மூலைக்கும் போதாது.

வண்டி ஒரு மாதம் சும்மா நின்றால் ஆயில் டேங்க் பாதி காலியாகிவிடுகிறது. ஊற்றி நிரப்பிக் கிளப்பினால் தெருவே தெரியாத அளவுக்குப் புகை. ஆயில் குழாயில் திறந்து மூடும் டேப் (tap) ஒன்று வைத்து மூடிவிடு என்கிறார் நண்பர்.
– புகை மண்டலம்

ஆயில் எங்கும் போகவில்லை. டேங்கில் இருந்து பம்ப் இடுக்கு வழியாக மெல்ல மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. நீங்கள் மேலும் ஊற்றியதால் இரட்டிப்பாகிவிட்டது. நீண்ட நாள் கழித்துக் கிளப்புமுன் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கைத் திறந்து, வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து மேலே ஊற்றிவிடுங்கள். ஆயில் அளவைக் கொஞ்ச நேரம் ஓட்டியபின்தான் பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் இறங்கிவிட்டால் பம்பும் ‘பால்’ (ball) வால்வும் தேய்ந்திருக்கின்றன, அதைச் சரி பாருங்கள்.

டேப் யோசனையில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூடியதை மறந்து கிளப்பினால் சொட்டு ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடும், கொஞ்ச தூரத்தில் பிடித்துக்கொள்ளும். வைத்துத்தான் தீருவேன் என்றால், மூடியிருக்கும்போது ஸ்பார்க் வராதபடி சுவிட்ச் சேர்ந்த டேப்பாக வாங்குங்கள். அதை வைத்தாலும், கிளப்பியதும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து ரிட்டர்ன் குழாயில் ஆயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட வேண்டும்.